கத்திரியக்காவின் ரத்தத்தில் இல்லாத மாத்திரை

கத்திரியக்காவுக்குப் படுத்தால் தூக்கம் வரும். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை கிளம்பிவிடும். பக்கத்து வீட்டில் இடி விழுந்தாலும் புரண்டு படுத்து, "யாரு அது, மெதுவா" என்று முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போவாள். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற பிறவி. இப்படிப்பட்டவளைத்தான் பட்டாள ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் தூக்கமின்மை, திடுக்கிடல், காரணமற்ற பயம் என்று வரிசையாக எழுதி, ஒரு வருஷத்துக்கு மேலாக மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. இவள் அளந்ததை அவர்கள் நம்பினார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. பட்டாளக் குடியிருப்பில் அதை யாரும் கேட்டதில்லை. அங்கே பெண்களுக்குப் புருஷனின் வேலைதான் பெயர். மெக்கானிக் சம்சாரம், சமையல்காரர் சம்சாரம், கர்னல் அம்மா. இவள் மட்டும் சொந்தப் பெயர் சம்பாதித்திருந்தாள். முன்னறையில் ஒரு சுழல் நாற்காலி, ஒரு ஆளுயரக் கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி என்று வைத்துக்கொண்டு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முடி வெட்டினாள். கையில் இருந்த கத்திரி நல்ல கூர். வாயில் இருந்தது அதைவிடக் கூர். பெயர் இரண்டுக்கும் சேர்த்து வைத்ததுதான்.

புருஷன் பட்டாள லாரி ஓட்டுகிறவர். வீட்டில் குழாய் சொட்டினால் அது பாட்டுக்கு மாசக்கணக்கில் சொட்டும். லாரியில் ஒரு நட்டு லொடலொடத்தால் மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "அவ மூத்தவ. என்னைக் கட்டுறதுக்கு முந்தியே அவளைக் கட்டிக்கிட்டாரு. மூத்தவளுக்குத்தானே முதல் மரியாதை" என்று கத்திரியக்கா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் மறுக்க மாட்டார். "ஆமா, அவ எதிர்த்துப் பேசமாட்டா" என்பார்.

அப்படி இருந்த மனுஷன், மலை ரோட்டில் வரிசையாகப் போன லாரிகளில் தனக்கு முன்னால் போன லாரி வெடித்ததைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஒரு கீறல்கூட இல்லையே என்று எல்லோரும் வந்து வந்து சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்கள். அவரும் தலையாட்டினார். மறுநாள் அடுப்பில் குக்கர் விசில் அடித்ததும் அவர் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தார். மகள் கீழே குனிந்து பார்த்து, "அப்பா, என்ன தேடுறீங்க?" என்றாள். "ஸ்பூன்" என்றார்.

அன்றிலிருந்து குக்கர் பரணுக்குப் போனது. சோறு பானையில் வெந்தது. அவர் சுவரில் முதுகு ஒட்டாமல் எங்கேயும் உட்காருவதில்லை. தூங்குகிறாரா என்றால் அதுவும் இல்லை. விடியும்போது பார்த்தால் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருப்பார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். அந்த வயிறு வாரக்கணக்கில் சரியாகவில்லை.

"டாக்டரைப் பார்க்கலாம்ங்க" என்று கத்திரியக்கா சொன்னதுதான் தாமதம், மனுஷன் பாய்ந்துவிட்டார்.

"எதுக்கு? மெண்டல்னு முத்திரை குத்தி, வண்டியைப் புடுங்கிக்கிட்டு, ஸ்டோர்ல உக்காந்து சாக்கு எண்ணச் சொல்லுவான். அதுக்கா?"

அவர் சொன்னது பொய்யில்லை. பட்டாளத்தில் ஒவ்வொருத்தருக்கும் உடம்புக்கு ஒரு தரம் போட்டு வைத்திருப்பார்கள். கால் உடைந்தால் தரம் இறங்கும், கூடினால் ஏறும். மனசு உடைந்தால் இறங்கிய தரம் ஏறி யாரும் பார்த்ததில்லை. மருந்துச் சீட்டில் டாக்டர் கையெழுத்துக் காய்வதற்குள் டிரைவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மருந்து என்னவோ இலவசம்தான். லாரியைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான்.

வழி சொன்னவள் மெக்கானிக் சம்சாரம். அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் கத்திரியக்காவின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அக்கா, இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? நீங்க போங்க. தூக்கம் வரலை, பயமா இருக்குன்னு உங்களுக்கு வந்த மாதிரி சொல்லுங்க. குடும்பத்துக்கும் மருந்து ஃப்ரீதானே? வாங்கிட்டு வந்து அண்ணனுக்குக் குடுங்க."

"நான் மெண்டலாடி?"

"ஆனா என்ன? உங்ககிட்ட இருந்து எதைப் புடுங்கப் போறான், கரண்டியையா?"

கத்திரியக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆபத்தான யோசனைகள் எல்லாமே கேட்கும்போது நியாயமாகத்தான் படும்.

ஆஸ்பத்திரியில் குடும்பத்தார் காத்திருக்கும் கூடம் ஒன்று. அங்கே யார் எங்கே உட்கார வேண்டும் என்று எங்கும் எழுதிப் போடவில்லை, ஆனாலும் மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள பெஞ்சில் அதிகாரி வீட்டு அம்மாக்கள்தான் உட்காருவார்கள். புருஷனின் பதவி இறங்க இறங்க, பெஞ்சும் காற்றை விட்டுத் தள்ளிப் போகும். லாரிக்காரர் சம்சாரங்களுக்குக் கழிவறைக் கதவுப் பக்கம். கத்திரியக்கா அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், சொல்ல வேண்டியதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினாள். கம்பவுண்டர் வந்து தோளைப் பிடித்து உலுக்கி எழுப்ப வேண்டியதாயிற்று. குறட்டைச் சத்தம் மருந்து ஜன்னல் வரைக்கும் கேட்டதாம்.

உள்ளே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. உடுப்புப் போட்டவள், தோளில் பட்டை. மேசைக்கு அடியில் பூட்சைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு இருந்தாள். கத்திரியக்காவின் கண் முதலில் போனது அவள் பின்கழுத்துக்கு. எவனோ ஏணிப்படி வைத்து வெட்டியிருந்தான். மனசு பதறிவிட்டது.

"தூக்கம் எப்படி?" என்றாள் டாக்டரம்மா.

"தூக்கமா? அதைக் கண்ணால பார்த்தே மாசக்கணக்காச்சு டாக்டரம்மா."

கதவோரம் நின்ற கம்பவுண்டர் வாயைத் திறந்து, பிறகு எதற்கு வம்பு என்று மூடிக்கொண்டார்.

"சத்தம் கேட்டா எப்படி இருக்கு?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். மேசைக்கடியில பூந்துக்கணும் போல இருக்கும்."

அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ ஒரு தட்டு நிறைய கத்தி கரண்டி சாமான்களைக் கீழே போட்டார்கள். டாக்டரம்மா தூக்கிவாரிப்போட்டுப் பேனாவை விட்டாள். கத்திரியக்கா, "எவ கையில வெண்ணெய் தடவிக்கிட்டு வந்தாளோ" என்று திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் ஞாபகம் வந்து, நெஞ்சில் கை வைத்து, "ஐயோ அம்மா" என்றாள். கொஞ்சம் தாமதமான ஐயோ. டாக்டரம்மா அவளையே சற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

மாத்திரை வந்துவிட்டது, தின்ன வேண்டியவர் மாட்டேன் என்றார். பைத்தியக்கார மாத்திரையைத் தொடமாட்டேன் என்று சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கத்திரியக்கா கெஞ்சவில்லை. அவரிடம் கெஞ்சினால் வேலைக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

"இது எனக்குக் குடுத்த மாத்திரை. எனக்குத் தேவையில்லை. யாரும் தின்னலைன்னா தொட்டியில கொட்டப் போறேன். கவர்மெண்டு சாமான், வீணாப் போகட்டும்" என்றாள்.

பட்டாளத்துக்காரனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கவர்மெண்டு சாமான் வீணாகப் போகிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சும்மா சொல்லக் கூடாது, குணம் தெரிந்தது. வாளியை விட்டுக் கட்டிலுக்கு வந்தார். மகளோடு கேரம் ஆடினார். லாரியைத் துடைத்தார். மாசாமாசம் கத்திரியக்கா போய் அவருடைய நிலவரத்தைத் தன்னுடையதாக ஒப்பித்துவிட்டு வந்தாள். "எனக்கு இப்ப தூக்கம் பரவாயில்லை, கோபம்தான் பொசுக்குனு வருது. போன வாரம் ஷேவ் பண்றப்ப கை நடுங்கி..." என்று ஆரம்பித்து, "காய் நறுக்குறப்ப" என்று திருத்திக்கொண்ட நாளும் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் அந்த மாத்திரை கேட்கவில்லை. வாளி மறுபடி கவிழ்ந்தது. டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதினாள். கம்பவுண்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டினார்.

"இது லிஸ்ட்ல இல்லம்மா. மேலிடத்துல இருந்து அனுமதி வரணும்."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

அனுமதி மேலிடத்துக்குப் போய், எந்தெந்த மேசையில் தூங்கியதோ, எழுந்து வருவதற்குள் மழைக்காலமே ஒன்று போய்விட்டது. இடையில் வெளிக்கடையில் விலை கேட்டுப் பார்த்தாள். கடைக்காரர் சொன்ன விலைக்கு அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிடலாம் போலிருந்தது. கடைசியில் அனுமதி வந்தது, வாலில் ஒரு நிபந்தனையோடு. இந்த மருந்து ரத்தத்தில் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. ஆகவே நோயாளி மாசாமாசம் ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். அளவு சரியில்லையானால் அனுமதி ரத்து.

கத்திரியக்கா கையை நீட்டினாள், ரத்தம் எடுத்தார்கள். அதில் மாத்திரை ஒரு பொட்டுக்கூட இல்லை. எப்படி இருக்கும்?

"நீங்க மாத்திரையை என்ன பண்றீங்க?" என்றாள் டாக்டரம்மா.

"தினமும் சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப ரத்தத்துல ஏன் இல்லை?"

"என் ரத்தம் கொஞ்சம் வேகமா ஓடும் டாக்டரம்மா. வேலை செய்யிற உடம்பு பாருங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, குனிந்து பூட்சைத் தேடினாள். அடுத்த தடவையும் இப்படி இருந்தால் அனுமதி போய்விடும், தன் கையில் ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இனிச் சோற்றைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் போகிறது என்று கத்திரியக்கா முடிவு செய்தாள். அடுத்த பரிசோதனைக்கு முன் அவளும் அந்த மாத்திரையை விழுங்க ஆரம்பித்தாள். அவருடைய பங்கிலிருந்து எடுத்தால் அவருக்குக் குறையும் என்று தோன்றத்தான் செய்தது. கொஞ்ச நாளைக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். சுகமாகத் தூங்குகிற உடம்பில் தூக்கம் கெட்டவனுக்கான மருந்து போனால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

ஆனது இதுதான். அன்றைக்குப் பார்த்துக் கர்னல் அம்மா வந்தாள். சாயங்காலம் யாரோ பெரிய ஜெனரலுக்கு விருந்து. நுனியை மட்டும் லேசாக வெட்டிவிடச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்துக்கொண்டாள். கத்திரியக்கா நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கை மட்டும் பழக்கதோஷத்தில் வெட்டிக்கொண்டே போனது. கர்னல் அம்மா பத்திரிகையை மூடி நிமிர்ந்தபோது வலது பக்கத்து முடி காதுக்கு மேலே நின்றது.

அவள் போட்ட கூச்சல் அணிவகுப்பு மைதானம் வரைக்கும் கேட்டிருக்கும். கத்திரியக்கா அரைக்கண்ணைத் திறந்து, "எடுப்பா இருக்குங்கம்மா. இந்தப் பக்கமும் எடுத்துட்டா இன்னும் எடுப்பா இருக்கும்" என்றாள். வேறு வழியில்லாமல் கர்னல் அம்மா இந்தப் பக்கத்தையும் கொடுத்தாள். அவள் தலை இப்போது புதுசாகச் சேர்ந்த சிப்பாய்த் தலை.

விருந்து முடிவதற்குள் சங்கதி குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. கத்திரியக்கா மனநோய்ப் பிரிவில் மாத்திரை வாங்குகிறவள் என்பது அதோடு சேர்ந்து வெளியே வந்தது. மெண்டல் கையில் கத்திரி இருக்கும்போது கழுத்தைக் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்? நாற்காலி சும்மா கிடந்தது. பிள்ளைகள்கூட வாசலில் ஓடித்தான் கடந்தார்கள். உண்மை தெரிந்த ரேடியோகூட வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றபடிதான் ஆறுதல் சொன்னாள். கத்திரியக்காவுக்கு அழுகை வந்தது. வியாதியும் இல்லாமல், வைத்தியமும் இல்லாமல், கெட்ட பெயரை மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டோமே என்று அவள் தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

ஒரே ஒரு ஆறுதல் அவளுக்கு இருந்தது. டிரைவர் அமைதியாகிவிட்டார். வெடிப்புக்குப் பிறகு அவரைச் சமவெளியில்தான் ஓட்டவிட்டிருந்தார்கள். இப்போது மறுபடி அந்த மலை ரோட்டுக்கு உத்தரவு வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். கத்திரியக்கா பயந்துதான் போனாள். ஆனால் உத்தரவு வந்த நாளிலிருந்து அவர் கோபப்படவில்லை. மேசைக்கடியில் போகவில்லை. மகளுடைய பள்ளிக்கூடப் பையின் அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தார். வீட்டுக் குழாயைக்கூடப் பழுது பார்த்தார். மருந்து இப்போதுதான் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அவள் நினைத்தாள், நாலு பேரிடம் சொல்லக்கூட வாய் துறுதுறுத்தது.

கர்னல் அம்மாவின் புகார் டாக்டரம்மாவிடம் வந்தது. கணவரைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை வர வேண்டும், வராவிட்டால் மருந்து இல்லை என்று ஆள் அனுப்பினாள்.

அதற்கு முந்தின நாள் முன்னறையில் ஒத்திகை நடந்தது. கத்திரியக்கா டாக்டரம்மாவாகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றிப்போட்டு, "சொல்லுங்க, உங்க மனைவிக்குத் தூக்கம் எப்படி?" என்றாள்.

"எருமை மாதிரி தூங்குறா."

"ஐயோ, மானத்தை வாங்காதீங்க. தூங்கமாட்டான்னு சொல்லுங்க. பாத்ரூம்ல போய் உக்காந்துக்குவான்னு சொல்லுங்க. உங்களுக்கு இருக்கிறதை எல்லாம் எனக்கு இருக்கிறதாச் சொல்லணும், அவ்வளவுதானே. இதைக்கூடவா சொல்லித் தரணும்?"

"எனக்கு இருக்கிறதை எல்லாமா?" என்றார் அவர்.

"எல்லாத்தையும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை டிரைவர் சலவை உடுப்பில் விறைப்பாக வந்து உட்கார்ந்தார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். டாக்டரம்மா அதைப் பார்த்தாள். மனைவியைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். அவர் அதிகாரிக்கு நிலவரம் சொல்கிற தோரணையில் ஆரம்பித்தார்.

"மேடம், தூங்குறதில்லை. பாத்ரூம்ல போய் வாளி மேல உக்காந்துக்குவா. குக்கர் சத்தம் ஆகாது. முதுகுக்குப் பின்னாடி ஆள் நின்னா ஆகாது."

"எப்பயிருந்து?"

"அந்த வண்டி வெடிச்சதில இருந்து."

கத்திரியக்கா காலை நீட்டி அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

"வேற என்ன?" என்றாள் டாக்டரம்மா.

ஒத்திகை பார்த்தது அத்தோடு முடிந்துவிட்டது. அவர் நிறுத்தியிருக்கலாம். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு மேலே பேசினார். குரலில் விறைப்பு இல்லை.

"சொன்னா யாரும் நம்பமாட்டாங்கன்னு அவ சொல்றதில்லை மேடம். முன்னாடி போன வண்டியில இருந்தவன் அன்னைக்குக் காலையில ஒரு வாய் டீ கேட்டான். கிளம்புற அவசரத்துல அவ குடுக்கலை. அதுவே வந்துக்கிட்டு இருக்கு அவளுக்கு. எதைக் குடிச்சாலும் வருது."

கத்திரியக்கா வாயைத் திறந்தாள். அந்த டீ சமாச்சாரம் அவளுக்குத் தெரியாது.

"இப்ப திங்கட்கிழமை மறுபடி அந்த ரோடு. அதுல ஒரு வளைவு இருக்கு மேடம். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாது. அந்த இடத்துல ஸ்டியரிங்கைத் திருப்பாம விட்டுட்டா என்னன்னு அவளுக்குத் தோணுது. பிரேக் பிடிக்கலைன்னு எழுதிக்குவாங்க. வீட்டுக்குப் பென்ஷன் வந்துடும், பொண்ணு படிச்சிடும். அப்படி யோசிச்சதும் ரொம்ப நாளுக்கப்புறம் மனசு லேசாயிடுச்சு அவளுக்கு. இப்பல்லாம் அமைதியா இருக்கா. வீட்டுல பாக்கி இருக்கிற வேலை எல்லாம் முடிச்சுட்டா. குழாய்கூட..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். பையைத் தைத்தது, குழாயைப் பழுது பார்த்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து கத்திரியக்காவின் நெஞ்சில் இடித்தது. இதைத்தானா குணமாகிவிட்டது என்று நினைத்தேன், பாவி நான், என்று தன்னையே நொந்துகொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பயம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு லாரி ஓட்டத் தெரியுமா?"

டிரைவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். தெரியும் என்று சொல், எதையாவது சொல், என்று கண்ணாலேயே கேட்டார். ஒரு பொய் போதும். அந்தப் பொய்யைச் சொல்ல அவளைவிடக் கைதேர்ந்தவள் அந்தக் குடியிருப்பில் கிடையாது.

"எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது டாக்டரம்மா" என்றாள்.

"ஏய்" என்றார் அவர்.

"சும்மா இருங்க. டாக்டரம்மா, எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. எருமை மாதிரி தூங்குவேன். மாத்திரை எல்லாம் இவரு சாப்பிட்டது. பயம் இவருக்கு, வாளி இவருக்கு, அந்த வளைவும் இவருக்கு. மருந்தை என் பேர்ல வாங்கினது என் புத்தி. என்னை ஜெயில்ல வேணாப் போடுங்க. திங்கட்கிழமை இவரு அந்த வண்டியில ஏறக் கூடாது."

"இவ பொய் சொல்றா மேடம். இவதான் மெண்டல். கர்னல் அம்மா முடியை..."

"உங்க நாற்காலி ஏன் சுவரோரமா இருக்கு?" என்றாள் டாக்டரம்மா. "இந்த லாரிப் படைப்பிரிவுல ஒரு சம்சாரத்துக்குக்கூடத் தூக்கம் வரலை. எல்லாருக்கும் குண்டுச் சத்தம் கேக்குது, எல்லாருக்கும் மலை ரோடு கனவுல வருது. புருஷங்க மட்டும் குத்துக்கல்லு மாதிரி இருக்காங்களாம். நான் என்ன, காதுல பூ வச்சிருக்கேனா? ரத்தத்துல ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்ச அன்னைக்கே உங்களைக் கூப்பிட்டிருக்கணும். அது என் தப்பு."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். திங்கட்கிழமைப் பட்டியலிலிருந்து ஒரு டிரைவரின் பெயரை எடுக்கச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் இன்றைக்கே ஒரு படுக்கை வேண்டும் என்றாள். டிரைவர் எழுந்து நின்று, "வேணாம் மேடம், வண்டியை எடுத்துடாதீங்க மேடம்" என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி கத்திரியக்கா பார்த்ததில்லை. கடைசியில் அவள் பக்கம் திரும்பி, "நல்லா இரு" என்றார். கட்டின பெண்டாட்டிக்குப் புருஷன் கொடுக்கக்கூடிய சாபத்தில் அதைவிடப் பெரிசு கிடையாது. அவள் வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் நடந்ததில் பாதி சிரிப்பாகத்தான் இருக்கிறது. பெயர் மாற்றி மருந்து வாங்கியதற்கு விசாரணை என்று ஒரு அதிகாரி வந்தார். கத்திரியக்கா பேசிய பேச்சில் குறிப்பெடுத்துக் கை ஓய்ந்து, இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கர்னல் அம்மாவின் சிப்பாய்த் தலையைப் பார்த்து, அதுதான் இப்போது நாகரிகம்போல என்று மேஜர் அம்மா ஒருத்தி அதே மாதிரி வெட்டச் சொல்லி வந்து உட்கார்ந்தாள். மேஜர் அம்மா வெட்டிக்கொண்டால் கேப்டன் அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? நாற்காலி மறுபடி சுழன்றது. ஒருநாள் ரேடியோ மட்டும் முடி வெட்டிக்கொள்ளாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று மெல்லிய குரலில் கேட்டாள். ரேடியோவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கத்திரியக்கா ஏன் என்று கேட்காமல் பஸ் நம்பரைச் சொன்னாள்.

சிரிப்பில்லாத பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தது. பார்வையாளர் நேரத்துக்கு அவள் போவாள். ஆஸ்பத்திரித் தோட்டத்தில் சிமெண்டு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பார். மருந்து இப்போது அவர் பெயரில், அவர் நம்பரில், அவர் ரத்தத்தில் சரியான அளவில் இருந்தது. தூங்குகிறார் என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன வாரம் அப்படி, அதற்கு முந்தின வாரமும் அப்படி. லாரியை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற சேதி அவருக்கு எட்டியிருந்தது. கொண்டுபோன சாப்பாட்டை வாங்கிப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்தார். மகளைப் பற்றிச் சொன்னால் மட்டும் காது இந்தப் பக்கம் வந்தது. கத்திரியக்கா தனியாகப் பேசிவிட்டு, தனியாக பஸ் ஏறி வந்தாள். பஸ்ஸில் அழுதாள். வெட்கப்படவில்லை.

இந்த வாரம் போனபோது அவள் உட்காரக்கூட இல்லை, அவர் வெடித்துவிட்டார்.

"எவனோ ஒரு தடியன் ஓட்டுறானாம் என் வண்டியை. கிளச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறானாம். ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா நீ? ஊரெல்லாம் பொய் சொல்லுவ, அன்னைக்கு மட்டும் என்னடி உனக்கு வாய்மை? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே, நீ எல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

மரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஒருத்தி வேகமாக வந்தாள். கத்திரியக்கா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். பிறகு பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. திட்டுறதுக்கு நீங்க இருக்கீங்களே, எனக்கு அது போதும்."

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதற்கும் சேர்த்து அவளைத்தான் திட்டினார். லாரிக்காரர் வாய், கேட்க வேண்டுமா? அவளுடைய சமையலில் ஆரம்பித்து, குறட்டை, வாய்க்கொழுப்பு, அவள் வம்சம் என்று ஒன்றையும் விடவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மணி அடிக்கும்வரைக்கும் திட்டினார். ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் அவள் முழுசும் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அது ஒருமுறைதான் நடந்திருக்கிறது.